டர்ட்டி கவ்: நான்கு முறை திருத்தப்பட்ட ஒரே பிழை

2016 அக்டோபரில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதன் மையப் பகுதியான கெர்னலுக்குள் ஒரு சின்னத் திருத்தத்தைச் சேர்த்தார். தொட்டது இரண்டே கோப்புகளை. புதிதாக வந்த வரிகள் பதினைந்துகூடத் தேறாது. ஆனால் கூடவே எழுதிய குறிப்பைப் படித்தவர்கள் ஒரு கணம் நின்றிருப்பார்கள். இது மிகப் பழைய பிழை, பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே நான் ஒரு முறை சரிசெய்யப் பார்த்தேன், மோசமாகச் செய்தேன் என்று அதில் அவரே ஒப்புக்கொண்டிருந்தார். அக்டோபர் 20-ஆம் தேதி 4.8.3, 4.7.9, 4.4.26 என்று நிலையான பதிப்புகள் வரிசையாக வெளிவந்தன. பாதுகாப்புப் பிழைகளுக்கான சிவிஇ என்ற பொதுப் பட்டியலில் சிவிஇ-2016-5195 என்ற எண்ணில் பதிவான அந்தப் பிழைக்கு டர்ட்டி கவ் என்று பெயர் வைத்தார்கள். ஒரு மாட்டுப் படமும் சின்னமாக வந்து சேர்ந்தது.

பெயர் வேடிக்கையாக இருந்தாலும் விளைவு அப்படியில்லை. கணினியில் சாதாரணக் கணக்கு மட்டும் வைத்திருக்கும் ஒருவர், தனக்கு எழுத அனுமதியே இல்லாத ஒரு கோப்பின் உள்ளடக்கத்தை மாற்றலாம். கடவுச்சொல் பதிவுகள் இருக்கும் கோப்பையோ, ரூட் என்ற முழு உரிமையோடு ஓடும் ஒரு நிரலையோ மாற்றினால் போதும், இயந்திரம் கைக்கு வந்துவிடும். பிழையைக் கண்டுபிடித்த ஃபில் ஓஸ்டர் கெர்னல் நிரலைப் படித்து அதைக் கண்டுபிடிக்கவில்லை. தன் சர்வருக்கு வந்த எச்டிடிபி போக்குவரத்தைப் பதிவுசெய்து வைத்திருந்தார், அந்தப் பதிவுக்குள் யாரோ ஏவிய தாக்குதல் நிரல் சிக்கியது. அதாவது, திருத்துபவர்கள் அறிவதற்கு முன்பே பயன்படுத்துபவர்கள் அறிந்திருந்தார்கள்.

இந்தப் பிழையைப் பற்றி அப்போது நிறைய எழுதப்பட்டது, பெரும்பாலும் "உடனே அப்டேட் செய்யுங்கள்" என்ற வகையில். எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் படுவது திருத்தத்தின் கதைதான். 2005-இல் ஒரு திருத்தம், 2016-இல் ஒன்று, 2017-இல் ஒன்று, 2022-இல் ஒன்று. நான்கும் ஒரே சந்தேகத்தைச் சுற்றி வருகின்றன: இந்தப் பக்கத்தை நகலெடுத்து முடித்துவிட்டோமா, இல்லையா? இவ்வளவு எளிய கேள்விக்குப் பதில் சொல்ல கெர்னலுக்கு ஏன் பதினேழு ஆண்டுகள் பிடித்தன என்று பார்க்கலாம்.

மாடு இல்லாத மாடு

கவ் என்பது "காப்பி ஆன் ரைட்" என்பதன் முதலெழுத்துகள். எழுத வரும்போது மட்டும் நகலெடு என்று பொருள். கெர்னல் நினைவகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து வைத்திருக்கிறது. மேசைக் கணினிகளில் பரவலாக உள்ள எக்ஸ்86 செயலிகளில் ஒரு பக்கம் வழக்கமாக 4096 பைட். ஒரே கோப்பை நூறு நிரல்கள் திறந்தாலும் நினைவகத்தில் அதற்கு நூறு பிரதிகள் தேவையில்லை. பேஜ் கேச் என்ற பொது இடத்தில் ஒரு பிரதி இருக்கும், எல்லோரும் அதையே பார்ப்பார்கள். ஒரு நிரல் அந்தக் கோப்பைத் தனக்கு மட்டுமானதாக மேப் செய்துகொண்டு (தன் நினைவக முகவரிகளோடு இணைத்துக்கொண்டு) அதில் ஒரு பைட்டை மாற்ற வந்தால்தான், அந்த ஒரு பக்கத்தை மட்டும் நகலெடுத்து அந்த நிரலின் கையில் கெர்னல் கொடுக்கும். மாற்றம் நகலில் நடக்கும், பொதுப் பிரதி அப்படியே இருக்கும். சோம்பேறித்தனம்தான், ஆனால் நல்ல சோம்பேறித்தனம். இது இல்லாவிட்டால் ஒரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) தன்னைப் போலவே இன்னொன்றை ஃபோர்க் செய்யும் ஒவ்வொரு முறையும் மொத்த நினைவகத்தையும் நகலெடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

எந்த முகவரி எந்தப் பக்கத்தைக் குறிக்கிறது என்பது பக்க அட்டவணையில் இருக்கிறது. அதன் ஒவ்வொரு பதிவிலும் பக்கத்தின் இருப்பிடத்தோடு சில பிட்களும் உண்டு. எழுதலாமா என்று ஒரு பிட் சொல்லும். பக்கத்தில் ஏதாவது எழுதப்பட்டிருக்கிறதா என்று இன்னொன்று சொல்லும். இந்த இரண்டாவதுதான் டர்ட்டி பிட். பக்கம் அழுக்காகியிருந்தால், அதை நினைவகத்திலிருந்து தூக்கி எறியுமுன் வட்டில் எழுதிவைக்க வேண்டும் என்று கெர்னலுக்கு நினைவூட்டுவதுதான் அதன் வேலை. பின்னால் இந்த பிட்டை வேறொரு வேலைக்கும் இழுத்துவந்தார்கள். கதையின் வில்லங்கம் அங்கேதான் இருக்கிறது.

படிக்க மட்டும் அனுமதி உள்ள இடத்தில் ஒரு நிரல் எழுத முயன்றால் செயலியே தடுத்துவிடும். அப்புறம் எங்கே ஓட்டை? மற்ற நிரல்களில் பிழை தேட உதவும் டீபக்கர் என்ற ஒரு வகை நிரலுக்காக கெர்னல் திறந்துவைத்த பக்கவாசலில். டீபக்கர் ஒரு நிரலை நடுவில் நிறுத்த வேண்டுமென்றால், அதன் இயந்திரக் கட்டளைகளுக்கு நடுவே ஒரு நிறுத்தக் கட்டளையைச் செருக வேண்டும். எக்ஸ்86-இல் அது ஒரே ஒரு பைட். ஆனால் கட்டளைகள் இருக்கும் பகுதி படிக்க மட்டுமே ஆனது. அதனால் பிடிரேஸ் (ஒரு ப்ராசஸ் இன்னொன்றைக் கட்டுப்படுத்த உதவும் அழைப்பு) வழியாகவோ, /ப்ராக் அடைவில் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் உள்ள மெம் கோப்பு வழியாகவோ எழுத வந்தால், கெர்னல் "கட்டாயம்" என்ற ஃப்ளாக்கை, அதாவது ஓர் அடையாளக் குறியை, வைத்துக்கொண்டு வேலை செய்யும். நிரலில் அதன் பெயர் ஃபோல்_ஃபோர்ஸ். எழுத அனுமதி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு தனி நகல் எடுத்து அதில் எழுதிக்கொடு என்பது ஒப்பந்தம். நகலில்தான் எழுதுகிறோம் என்பதால் யாருக்கும் நஷ்டமில்லை.

இங்கே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இப்படி எழுதும்போது கெர்னல் அந்த நிரலின் பக்க அட்டவணை வழியாக எழுதுவதில்லை. எந்தப் பக்கம் என்று தேடிக் கண்டுபிடித்தபின், தன் சொந்த முகவரி வழியாக அந்த நினைவகத்தில் நேரடியாக எழுதுகிறது. அதனால் செயலியின் காவல் இந்த இடத்தில் கிடையாது. சரியான பக்கத்தைத்தான் கையில் எடுத்திருக்கிறோமா என்று கெர்னல் மென்பொருளில் செய்யும் சோதனை ஒன்றே காவல்.

இரண்டு த்ரெட்டும் ஒரு இடைவெளியும்

அந்தச் சோதனை நடக்கும் இடம் எம்எம் அடைவில் ஜியுபி.சி என்ற கோப்பு. கெட்_யூசர்_பேஜஸ் என்பதன் சுருக்கம் அது. அங்கே ஒரு சுற்று ஓடுகிறது. பக்கத்தைத் தேடு. கிடைக்கவில்லை, அல்லது கிடைத்தும் எழுத முடியாது என்றால் பேஜ் ஃபால்ட் (கேட்ட விதத்தில் பக்கம் கிடைக்காத நிலை) கையாளும் பகுதியைக் கூப்பிடு. அது ஏதாவது செய்துவிட்டுத் திரும்பியதும் மறுபடி தேடு. கிடைக்கும்வரை இதே சுற்று.

ஒரு நிரல் படிக்க மட்டும் அனுமதியுள்ள கோப்பைத் தனிப்பட்டதாக மேப் செய்துவிட்டு, மெம் கோப்பு வழியாக அதில் எழுத வருகிறது. முதல் தேடலில் பக்கம் இல்லை. ஃபால்ட் பகுதி, "எழுதத்தானே வருகிறாய்" என்று புது நகல் ஒன்றை உருவாக்கி அட்டவணையில் வைக்கிறது. ஆனால் அந்தப் பகுதிக்கு எழுதும் உரிமை இல்லாததால், பதிவில் எழுதும் பிட்டை மட்டும் வைக்காது. இரண்டாவது தேடல். பக்கம் இருக்கிறது, எழுதும் பிட் இல்லை. மறுபடி ஃபால்ட். இந்த முறை அது பார்த்துவிட்டு, "நகல் ஏற்கெனவே உன்னுடையதுதான், இதற்குமேல் நான் செய்ய ஒன்றுமில்லை" என்று பதில் சொல்கிறது. இப்படியே விட்டால் சுற்று முடிவே இல்லாமல் ஓடும், ஏனென்றால் எழுதும் பிட் எப்போதும் வரப்போவதில்லை.

சுற்றை முடிக்கப் பழைய நிரல் செய்த தந்திரம் இது: நகலெடுத்தாகிவிட்டது என்று ஃபால்ட் பகுதி சொன்னதும், "எழுத வருகிறேன்" என்ற ஃபோல்_ரைட் ஃப்ளாக்கையே கழற்றிவிடுவது. இனி மூன்றாவது தேடலில் கெர்னல் தன்னை ஒரு வாசகன் என்று நினைத்துக்கொள்ளும். படிக்க அனுமதி இருக்கிறது, பக்கம் கிடைக்கும், நகலில் எழுதிவிட்டுப் போகலாம். தனியாக ஓடினால் கச்சிதமாக வேலை செய்யும் தந்திரம்.

இரண்டாவது த்ரெட் ஒன்று, அதாவது அதே நிரலுக்குள் இணையாக ஓடும் இன்னொரு வேலை, வந்தால்தான் தொல்லை. அது அதே இடத்தைக் காட்டி எம்அட்வைஸ் அழைப்பில் "டோன்ட் நீட்", இது எனக்கு வேண்டாம் என்று கெர்னலிடம் சொல்கிறது. கெர்னல் நல்ல பிள்ளையாக நகலைத் தூக்கி எறிகிறது. அது ஃப்ளாக் கழன்றதற்கும் மூன்றாவது தேடலுக்கும் நடுவே நடந்துவிட்டால்? தேடல் பக்கம் இல்லை என்கிறது. ஃபால்ட் பகுதி கூப்பிடப்படுகிறது. இப்போது கையில் "எழுத" என்ற ஃப்ளாக் இல்லை, படிக்க வந்தவர் என்றே தெரிகிறது. படிப்பவருக்கு நகல் எதற்கு? பொதுப் பிரதியையே, பேஜ் கேச்சில் இருக்கும் அசலையே, எடுத்துக் கொடுத்துவிடுகிறது. அடுத்த தேடல் அதைக் கண்டுபிடிக்கிறது, எழுதும் சோதனை கேட்கப்படுவதில்லை, கெர்னல் அசலின் மேலேயே எழுதுகிறது. பக்கம் அழுக்கு என்று குறிக்கப்படுகிறது. சற்று நேரம் கழித்து அது வட்டுக்கும் போய்ச் சேர்கிறது. வேலியே பயிரை மேய்ந்தாகிவிட்டது.

அந்த இடைவெளி மிகச் சிறியதுதான். ஆனாலும் ஒவ்வொரு தேடலுக்கு முன்னாலும் கெர்னல் "வேறு யாருக்காவது சிபியு வேண்டுமா" என்று கேட்டு வழிவிடும் ஒரு வரி இருக்கிறது. மற்றவர்களைக் காக்கவைக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் எழுதிய வரி, இங்கே கதவைத் திறந்து பிடித்துக்கொள்கிறது. பொதுவெளியில் வந்த மாதிரித் தாக்குதல் நிரல் இரண்டு த்ரெட்களையும் பத்துக் கோடி முறை சுற்றவிடும்படி எழுதப்பட்டிருந்தது. அவ்வளவு சுற்றத் தேவையே இருக்காது.

பூட்டு போட்டிருக்கலாமே என்று தோன்றும். பூட்டு இருக்கிறது. ஒரு ப்ராசஸின் நினைவக வரைபடம் முழுவதற்கும் எம்மேப்_செம் என்று அப்போது அழைக்கப்பட்ட ஒரு பூட்டு உண்டு. ஆனால் அதை இரண்டு விதமாகப் பிடிக்கலாம்: வாசகராகப் பிடித்தால் பலர் ஒரே நேரத்தில் உள்ளே இருக்கலாம், எழுதுபவராகப் பிடித்தால் ஒருவர் மட்டுமே. கெட்_யூசர்_பேஜஸ் அதை வாசகராகவே பிடிக்கிறது. 2007-இல் வந்த 2.6.22 பதிப்பில், பல த்ரெட்கள் ஓடும் நிரல்கள் வேகமாக ஓடட்டும் என்று, எம்அட்வைஸின் டோன்ட் நீட் வேலையையும் வாசகர் பூட்டுக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு இரண்டும் ஒன்றையொன்று தடுப்பதில்லை. டர்ட்டி கவ் 2.6.22 முதல் பாதிக்கும் என்று பதிவுகள் சொல்வது இதோடு பொருந்துகிறது. ஒரு காலத்தில் ஏட்டளவில் மட்டும் இருந்த இந்தப் பந்தயம் (எந்த த்ரெட் முந்துகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறும் நிலை), நினைவகப் பகுதி பல செயலிகளுக்கு ஏற்றபடி வளர்ந்த பிறகு எளிதாக நடக்கக்கூடியதாகிவிட்டது என்று டோர்வால்ட்ஸும் தன் குறிப்பில் எழுதியிருந்தார்.

ஒவ்வொரு பக்கப் பதிவுக்கும் தனிப் பூட்டு ஒன்றும் உண்டு. ஆனால் ஃபால்ட் பகுதி வட்டிலிருந்து பக்கத்தைப் படிக்க வேண்டியிருந்தால் தூங்கப் போகும். அந்த வகைப் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு கெர்னலில் தூங்கக் கூடாது. அதனால் தேடலுக்கும் ஃபால்ட்டுக்கும் நடுவே பூட்டை விட்டே ஆக வேண்டும். விட்டுத் திரும்பி வரும்போது உலகம் மாறியிருக்கலாம் என்று எதிர்பார்ப்பதுதான் நினைவக மேலாண்மை நிரல் எழுதுவதன் பாதி வேலை.

2005-இல் செய்ததும் கலைத்ததும்

இதே சந்தேகம் 2005 ஆகஸ்டிலேயே டோர்வால்ட்ஸுக்கு வந்திருந்தது. அப்போது அவர் செய்த திருத்தம் டர்ட்டி பிட்டை நம்பியது. எழுத வந்தவருக்காக ஃபால்ட் பகுதி உருவாக்கும் நகல், டர்ட்டி பிட் வைக்கப்பட்டே பிறக்கிறது. படிக்க வந்தவருக்குக் கொடுக்கும் பொதுப் பக்கத்தில் அது இருக்காது. ஆக, தேடும்போது டர்ட்டி பிட் இருக்கிறதா என்று பார்த்தால், நகல்தான் கையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஐடியா புத்திசாலித்தனமானதுதான்.

ஆனால் லினக்ஸ் எக்ஸ்86-இல் மட்டும் ஓடுவதில்லை. ஐபிஎம்மின் பெரிய இயந்திரங்களுக்கான எஸ்390 கட்டமைப்பில், பக்கம் அழுக்கா என்ற தகவல் அப்போது பக்க அட்டவணையில் இருக்கவில்லை. ஒவ்வொரு நினைவகப் பக்கத்துக்கும் வன்பொருள் வைத்திருக்கும் ஒரு தனிச் சாவியில் அது இருந்தது. அட்டவணையில் டர்ட்டி பிட் இருக்கிறதா என்று கேட்டால் எஸ்390 எப்போதும் இல்லை என்றே சொல்லும். நம் சுற்று, பிட் வரும்வரை விடமாட்டேன் என்று நின்றால், அந்த இயந்திரத்தில் அது எப்போதும் முடியாது. சில நாட்களிலேயே அந்தத் திருத்தம் கலைக்கப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த ஏற்பாட்டில்தான் ஃபோல்_ரைட்டைக் கழற்றும் தந்திரம் வேர்விட்டது. பந்தயம் நடக்கலாம் என்ற சந்தேகம் அப்படியே நின்றது. அன்றைய நிலையில் அதை யாராலும் நடத்திக்காட்ட முடியாது என்று தோன்றியதால் யாரும் பதறவில்லை.

யாரையும் இதில் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு இயந்திரம் முடிவில்லாமல் சுற்றி நிற்பது கண்ணுக்குத் தெரியும் பழுது. நடக்கலாமோ என்னவோ என்ற பந்தயம் கண்ணுக்குத் தெரியாதது. எந்தப் பொறியாளரும் முதலாவதைத்தான் முதலில் சரிசெய்வார்.

எஸ்390-இன் சிக்கல் 3.9 பதிப்பில், டர்ட்டி பிட்டை மென்பொருளாலேயே கவனித்துக்கொள்ளும் ஏற்பாடு வந்தபோது தீர்ந்தது. ஆனால் "எஸ்390 சரியாகிவிட்டது, 2005-இல் கலைத்ததை இப்போது திரும்பப் போடலாமே" என்று நினைவுபடுத்த ஆள் இல்லை. 2016-இல் தாக்குதல் நிரல் கையில் கிடைத்த பிறகுதான் பழைய கணக்கைத் தூசி தட்டினார்கள்.

2016-இன் திருத்தம் இரண்டு வேலை செய்தது. முதலாவது, ஃபோல்_ரைட்டைக் கழற்றும் வழக்கத்தையே நிறுத்தியது. எழுத வந்தவர் கடைசிவரை எழுத வந்தவராகவே இருப்பார். அதற்குப் பதில் ஃபோல்_கவ் என்று ஒரு புது ஃப்ளாக், "ஒரு முறை நகலெடுத்தாகிவிட்டது" என்று மட்டும் சொல்லும். இரண்டாவது, அந்த ஃப்ளாக்கை அப்படியே நம்பிவிடாமல், பக்கப் பதிவில் டர்ட்டி பிட் இருக்கிறதா என்றும் சேர்த்துப் பார்த்தது. நடுவில் யாராவது நகலைத் தூக்கி எறிந்துவிட்டு அந்த இடத்தில் பொதுப் பக்கம் வந்து உட்கார்ந்திருந்தால், பதிவு சுத்தமாக இருக்கும், ஃப்ளாக் செல்லாது, சுற்று மறுபடி நகலெடுக்கப் போகும். கேன்_ஃபாலோ_ரைட்_பிடிஇ என்ற சின்னச் செயல்கூறு, ஒரே ஒரு ரிட்டர்ன் வரி. எழுதும் பிட் இருக்கிறதா? அல்லது கட்டாயம், நகல், அழுக்கு மூன்றும் சேர்ந்து இருக்கின்றனவா?

அழகான திருத்தம். ஆனால் அது ஒரு வாக்கியத்தின் மேல் நின்றது: "எழுதும் உரிமை இல்லாத ஒரு பதிவில் டர்ட்டி பிட் இருந்தால், அது கட்டாயம் நம் நகலாகத்தான் இருக்கும்." இது அன்று உண்மை. என்றும் உண்மையாக இருக்க வேண்டும் என்று கெர்னலின் மற்ற பகுதிகளை எழுதுபவர்களிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை.

பெரிய மாடு, பிறகு இன்னொன்று

ஓராண்டுதான் தாங்கியது. 4096 பைட் பக்கங்களைப் போலவே, இரண்டு மெகாபைட் அளவுள்ள பெரிய பக்கங்களும் லினக்ஸில் உண்டு. அவற்றுக்குத் தேடல் நிரல் தனி. 2016-இன் திருத்தத்தைப் பின்னால் அந்தத் தேடல் நிரலுக்கும் கொண்டுபோனார்கள், அதே டர்ட்டி பிட் சோதனையோடு. ஆனால் பெரிய பக்கத்தைத் தேடும் நிரல், போகிற போக்கில் "இது தொடப்பட்டது" என்று குறிக்கும்போது, படிக்க வந்தவருக்கும் சேர்த்து டர்ட்டி பிட்டை வைத்துக்கொண்டிருந்தது. படித்தாலே அழுக்காகும் என்றால், அழுக்கு என்பது நகலுக்கு அடையாளம் ஆகுமா? 2017 நவம்பரில் இது ஹ்யூஜ் டர்ட்டி கவ் என்ற பெயரில் வெளியானது, எண் சிவிஇ-2017-1000405. எல்லா நிரல்களும் பகிர்ந்துகொள்ளும், பூஜ்யங்கள் மட்டுமே நிரம்பியிருக்க வேண்டிய பெரிய பக்கத்தில்கூட இதைக்கொண்டு எழுத முடிந்தது. காலியான நினைவகம் என்று நம்பிப் படிக்கும் நிரல்கள் அங்கே குப்பையைக் கண்டு கவிழ்ந்தன. படிக்க வந்தால் டர்ட்டி வைக்காதே என்று திருத்தினார்கள்.

நான்காவது முறை இன்னும் நுணுக்கமானது. யூசர்ஃபால்ட்எஃப்டி என்று ஒரு வசதி இருக்கிறது. பேஜ் ஃபால்ட் வந்தால் அதை கெர்னலுக்குப் பதில் பயனர் நிரலே கவனித்துக்கொள்ள வழிசெய்வது அது. நினைவகத்திலேயே வாழும் டெம்ப்எஃப்எஸ் கோப்புகளுக்கு, பேஜ் கேச்சில் இருக்கும் பக்கத்தை அட்டவணையில் பொருத்து என்று இதன் வழியாகச் சொல்லலாம். இந்தக் கோப்புகளுக்கு வட்டில் அசல் எதுவும் இல்லை. பக்கம் சுத்தம் என்று நினைத்து யாராவது தூக்கி எறிந்துவிட்டால் தரவே போய்விடும். அந்தப் பயத்தில் 5.16 பதிப்பில், இப்படிப் பொருத்தும்போது எப்போதும் டர்ட்டி பிட்டை வைத்துவிடுவது என்று மாற்றினார்கள். அதை எழுதியவர் பக்கம் முழு நியாயம் இருக்கிறது. டர்ட்டி பிட்டின் உண்மையான வேலையே அதுதான்!

ஆனால் ஜியுபி.சி-யின் பார்வையில் கதை தலைகீழ். ஒரு த்ரெட் எழுத வருகிறது, நகல் பிறக்கிறது, ஃபோல்_கவ் வைக்கப்படுகிறது. இரண்டாவது த்ரெட் நகலை எறிகிறது. மூன்றாவது, யூசர்ஃபால்ட்எஃப்டி வழியாகப் பொதுப் பக்கத்தை அதே இடத்தில் பொருத்துகிறது, அழுக்கு முத்திரையோடு. முதல் த்ரெட் திரும்பி வந்து பார்க்கிறது: கட்டாயம் உண்டு, நகல் உண்டு, அழுக்கும் உண்டு. கதவு திறக்கிறது. டெம்ப்எஃப்எஸ் கோப்புகளோடு நின்றுபோனது என்பதைத் தவிர, 2016-இன் அதே காட்சி. 2022-இல் லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹாட்டைச் சேர்ந்த டேவிட் ஹில்டன்பிராண்ட் இதைக் கண்டுபிடித்தார். சிவிஇ-2022-2590.

இந்த முறை இன்னொரு விதிவிலக்கை ஒட்டவைத்துவிட்டுப் போயிருக்கலாம். யூசர்ஃபால்ட்எஃப்டி பக்கம் போய் டர்ட்டி பிட்டை வைக்காதே என்று சொல்லியிருந்தால் ஒரே வரியில் முடிந்திருக்கும். அது தும்பை விட்டு வாலைப் பிடித்த கதையாக இருந்திருக்கும், மாட்டுக் கதைக்குப் பொருத்தமாகவும் இருந்திருக்கும். ஹில்டன்பிராண்ட் தும்பைப் பிடிக்கப் போனார். அதற்கு அவர் கையில் அப்போது ஒரு புதிய கருவி இருந்தது.

அந்தக் கருவி வேறொரு தகராறில் பிறந்தது. பாதுகாப்புப் பிழைகளைத் தேடும் கூகுளின் ப்ராஜெக்ட் ஜீரோ குழுவைச் சேர்ந்த ஜான் ஹார்ன் 2020-இல் காப்பி ஆன் ரைட்டில் வேறொரு ஓட்டையைக் காட்டினார். ஃபோர்க் ஆன பிறகு, ஒரு பக்கத்தைப் பைப் (நிரல்களுக்கிடையே தரவைக் கடத்தும் குழாய்) ஒன்றுக்குள் பிடித்துவைத்துக்கொண்டு, தன் அட்டவணையிலிருந்து மட்டும் குழந்தை ப்ராசஸ் அதை நீக்கிவிடுகிறது. "இனி இது எனக்கு மட்டும்தான்" என்று தாய் ப்ராசஸ் நகலெடுக்காமல் அதிலேயே எழுதுகிறது. புதிதாக எழுதியதைக் குழந்தை பைப் வழியாகப் படித்துவிடுகிறது. ஒரு பக்கம் தனக்கு மட்டும் சொந்தமா என்று கெர்னல் அதுவரை அட்டவணை இணைப்புகளையும் குறிப்பு எண்ணிக்கைகளையும் வைத்து ஊகித்துக்கொண்டிருந்தது. 5.8-இலும் 5.9-இலும் அதைத் திருத்தியபோது வேறு இடங்களில் வேறு வலிகள் கிளம்பின. கடைசியில் 5.19-இல் ஹில்டன்பிராண்டே ஊகத்தை விட்டுவிட்டு, பக்கத்தின் மேலேயே ஒரு முத்திரையை வைத்தார்: இந்த நகல் இந்த ப்ராசஸுக்கு மட்டுமே சொந்தம். பேஜ்ஆனான்எக்ஸ்க்ளூசிவ் என்று அதற்குப் பெயர்.

இப்போது ஜியுபி.சி-யின் கேள்விக்கு அழுக்கு தேவையில்லை. கட்டாயமாக எழுத வரும்போது, கையில் இருப்பது கோப்போடு சேராத பக்கமா, அது இந்த ப்ராசஸுக்கு மட்டுமே சொந்தமா என்று அந்தப் பக்கத்திடமே கேட்டுவிடலாம். பேஜ் கேச் பக்கம் ஒருபோதும் அந்தக் கேள்விக்கு ஆம் என்று சொல்லாது, அதன் பதிவில் யார் எந்த பிட்டை வைத்தாலும். 6.0 பதிப்பில் வந்த திருத்தம் டர்ட்டி பிட் சோதனையை எடுத்துவிட்டது. ஃபோல்_கவ் ஃப்ளாக்கையும் முழுசாக நீக்கியது. 2016-இல் அவ்வளவு பரபரப்போடு பிறந்த ஃப்ளாக், ஆறே ஆண்டில் சத்தமில்லாமல் போய்விட்டது.

கருவிகள் ஏன் கண்டுபிடிக்கவில்லை?

நினைவகப் பிழை என்றதும் விடுவித்த இடத்தைத் தொடுவது, எல்லை தாண்டி எழுதுவது போன்றவைதான் நினைவுக்கு வரும். அவற்றைப் பிடிக்க நல்ல கருவிகள் இருக்கின்றன. 2015-இல் 4.0 பதிப்பில் சேர்ந்த கேசான் அப்படிப்பட்டது, ஒவ்வொரு நினைவக அணுகலையும் நிழல்போலத் தொடர்ந்து சரிபார்க்கும். ஆனால் டர்ட்டி கவ் ஓடும்போது கேசான் வாயே திறக்காது. எழுதப்படும் பக்கம் உயிரோடு இருக்கும் பக்கம். முகவரி எல்லைக்குள்தான் இருக்கிறது. யாரும் எதையும் தவறாக விடுவிக்கவில்லை. 2020-இல் வந்த கேசிசான் பூட்டில்லாமல் ஒரே இடத்தை இரண்டு த்ரெட்கள் தொடுவதைப் பிடிக்கும். இங்கே பக்கப் பதிவைத் தொடும் ஒவ்வொரு வரியும் தன் பூட்டை ஒழுங்காகப் பிடித்தே தொடுகிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒரு வரியிலும் குற்றமில்லை. ஒரு வரி உண்மை என்று முடிவுசெய்தது அடுத்த வரி ஓடும்போது உண்மையாக இல்லை, அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்க, அந்த முடிவு என்ன என்று கருவிக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். அதை மனிதர்களுக்கே எங்கும் தெளிவாக எழுதிவைத்திருக்கவில்லை.

திருத்தம் வந்தபின் அது எல்லா இயந்திரங்களுக்கும் போய்ச் சேர்வது தனிக் கதை. சர்வர்களுக்குச் சில நாட்களில் வந்துவிட்டது. ஆண்ட்ராய்ட் கைபேசிகளில் பழைய கெர்னல்கள் ஆண்டுக்கணக்கில் ஓடும், தயாரிப்பாளர் அப்டேட் அனுப்பாத கைபேசிக்கு எந்த பேட்ச்சும் வராது. தங்கள் கைபேசியைத் தாங்களே ரூட் செய்ய விரும்பியவர்கள் டர்ட்டி கவ்வைக் கொண்டாடினார்கள். 2017 செப்டம்பரில் இதையே பயன்படுத்தும் இஸட்என்ஐயு என்ற ஆண்ட்ராய்ட் தீநிரலை ட்ரெண்ட் மைக்ரோ நிறுவனம் வெளிப்படுத்தியது.

நான்கு திருத்தங்களிலும் யாரும் தொடாத ஒன்று இருக்கிறது. ஃபோல்_ஃபோர்ஸ் என்ற அந்தப் பக்கவாசல். டீபக்கருக்கு அது வேண்டும், எடுத்துவிட்டால் அந்த நிறுத்தக் கட்டளையை, அதாவது பிரேக்பாயின்ட்டை, வைக்க முடியாது. ஆனால் மெம் கோப்பில் எழுதும் எல்லோரும் டீபக்கர் இல்லை. 2024-இல் வந்த 6.12 பதிப்பில் இதற்கும் ஒரு தாழ்ப்பாள் வந்தது. கெர்னலைத் தொகுக்கும்போதோ பூட் செய்யும்போதோ மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: மெம் கோப்பு வழியாகக் கட்டாய எழுத்து எப்போதும் உண்டு, அல்லது பிடிரேஸால் அந்த ப்ராசஸைப் பிடித்திருப்பவருக்கு மட்டும் உண்டு, அல்லது அறவே கிடையாது. பழைய நிரல்கள் எதுவும் உடைந்துவிடக் கூடாது என்பதால், எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் முதலாவதே அமலில் இருக்கும்படி விட்டிருக்கிறார்கள்.